பத்து மில்லிமீட்டர் முகம்: ரெசின் உருவங்கள் பற்றி வாசகர் கேள்வி–பதில்

வரலாற்று வீரர்களின் ரெசின் (இறுகிய செயற்கைப் பிசின்) உருவங்களை ஒட்டி, வண்ணம் தீட்டி, பீடத்தில் நிறுத்துவது பற்றிய கேள்விகளே இம்முறை நிறைய. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: 54 மி.மீ., 75 மி.மீ., 120 மி.மீ., 1/10 மார்பளவு என்றெல்லாம் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். முதல் உருவத்துக்கு எது சரி?

75 மி.மீ. எடுங்கள். இந்த எண் நிற்கும் உருவத்தின் உயரம். காலடியிலிருந்து கண்மட்டம் வரை அளப்பதா, உச்சந்தலை வரை அளப்பதா என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. அதனால் இரண்டு நிறுவனங்களின் 75 மி.மீ. வீரர்களைப் பக்கத்தில் நிறுத்தினால் ஒருவர் மற்றவருக்கு அண்ணன் போலத் தெரிவார். தோராயமாகச் சொன்னால் 54 என்பது 1/32 அளவு; 75 என்பது 1/24; 120 என்பது 1/16.

54-இல் தலை ஏழு மி.மீ.தான். கண் என்பது ஒரு புள்ளியும் ஒரு கோடும். 75-இல் தலை பத்து மி.மீ. இருக்கும், கன்னம், இமை, உதடு மூன்றையும் தனித்தனியாகத் தீட்ட முடியும். 120-இல் முகம் இன்னும் தாராளம். ஆனால் அங்கி, மேலாடை போன்ற பரந்த இடங்களில் ஒரு நிறம் இன்னொன்றில் தடம் தெரியாமல் கரைய வேண்டும். பழகாத கை அங்கே திட்டுத்திட்டாக விட்டுவிடும். மார்பளவு உருவத்தில் பாகங்கள் குறைவு, ஒட்டுவது சுலபம். முகம் கெட்டால் பார்வையைத் திருப்ப வேறு எதுவும் அதில் இல்லை. குதிரையேறிய வீரனை மூன்றாவது நான்காவது உருவத்துக்கு ஒத்திப்போடுங்கள்.

கேள்வி: பிரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்து, வண்ணமும் பூசி, மறைப்பு டேப்பை உரித்தபோது வண்ணம் ரெசின்வரை உரிந்து வந்துவிட்டது. மட்டமான பெயின்டா?

பெயின்ட் மேல் பழி போடாதீர்கள். ரெசின் பாகங்களைச் சிலிக்கோன் அச்சில் வார்க்கிறார்கள். அச்சிலிருந்து பாகம் சிக்காமல் வெளிவர, உள்ளே ஒரு விடுவிப்புத் திரவம் தெளிப்பார்கள். அந்த வழவழப்பு பாகத்தின் மேல் தங்கிவிடுகிறது. எந்தப் பிரைமரும் அதன் மேல் பிடிக்காது. டேப் ஒட்டும்வரை அது தெரியவும் தெரியாது.

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, பாகங்களைக் கால்மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு மிருதுவான பழைய பல்துலக்கும் பிரஷால் மடிப்புகளுக்குள் தேயுங்கள். சின்னப் பாகங்கள் ஓடிவிடாமல் இருக்க வடிகட்டிக்குள் வைத்துக் கழுவலாம். அலசியபின் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்தாகத் திரண்டு நின்றால் வழவழப்பு போகவில்லை, இன்னொரு முறை கழுவ வேண்டும். பரவிப் படிந்தால் சரி. ஓர் இரவு காயவிடுங்கள். அதன்பின் வெறும் விரலால் தொட்டுக்கொண்டே இருந்தால் கழுவியதற்குப் பலன் இல்லை. தோலின் எண்ணெயும் அதே வேலையைத்தான் செய்யும். காலடியில் ஒரு கம்பியைச் செருகி, அதைக் கார்க்கிலோ மரக்கட்டையிலோ குத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி வார்னிஷ் வரைக்கும் அதுதான் கைப்பிடி.

3டி அச்சில் வந்த பாகமாக இருந்து பிசுபிசுப்பாக இருந்தால் காரணம் வேறு: ரெசின் முழுதாக இறுகவில்லை. கையுறை போட்டுக்கொண்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஓரிரு நிமிடம் அலசி, நன்றாக உலர்த்தி, புற ஊதா விளக்கிலோ வெயிலிலோ வைத்து இறுக்க வேண்டும்.

ஏற்கெனவே உரிந்த உருவத்தை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள். முழுவதும் எடுத்துவிட்டு, கழுவி, மறுபடி தொடங்குவதே குறைந்த வேலை.

கேள்வி: வாளும் ஈட்டியும் வளைந்தே வந்திருக்கின்றன. நிமிர்த்தினால் உடையுமா?

குளிர்ந்த நிலையில் நிமிர்த்தினால் உடையும். கொதித்து இறக்கிச் சற்று ஆறிய நீரில், சுமார் 70 டிகிரி செல்சியஸில், முக்கால் நிமிடம் அமிழ்த்துங்கள். ரெசின் தளர்ந்துவிடும். தட்டையான கண்ணாடி மேல் வைத்து நேராக்கி, பிடித்த பிடியில் குளிர்நீரில் விடுங்கள். சூடு இருக்கும்போதே கையை எடுத்தால் பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். ஈட்டிக்கு மட்டும் எங்கள் யோசனை வேறு: ரெசின் தண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே தடிமனில் பித்தளைக் கம்பி வையுங்கள், முனையை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டுங்கள். நீண்ட மெல்லிய ரெசின் தண்டு வெப்பமான அறையில் தானாகவே வளையும்.

கேள்வி: பிளாஸ்டிக் மாடல் பசை ரெசினில் பிடிக்கவே இல்லை. சூப்பர் குளூ பிடித்தது. ஆனால் ஒருமுறை கீழே விழுந்ததும் கை தனியாக வந்துவிட்டது.

பிளாஸ்டிக் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்துப் பிணைப்பது. ரெசின் அதில் கரையாது, ஆகவே பிடிக்காது. சூப்பர் குளூ இழுவையைத் தாங்கும், தட்டினால் விட்டுவிடும். கனமான பாகம், நீட்டிய கை, காலடி, இந்த மூன்றுக்கும் கம்பி கட்டாயம்.

75 மி.மீ. உருவத்தின் தோளுக்கு 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி போதும். காலடிக்கு 1 மி.மீ. அல்லது 1.2. கைத்துரப்பணத்தில் கம்பியைவிட 0.1 மி.மீ. பெரிய முனை போட்டு, இரு பக்கமும் 4 அல்லது 5 மி.மீ. ஆழத்துக்குத் துளையிடுங்கள். இரண்டு துளையும் நேருக்கு நேர் வருவதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஒரு பக்கம் துளையிட்டு, அதன் வாயில் ஈரமான வண்ணம் ஒரு சொட்டு வைத்து, எதிர்ப்பாகத்தை அழுத்தி எடுங்கள். புள்ளி விழுந்த இடத்தில் இரண்டாவது துளை. அப்படியும் கொஞ்சம் தவறினால் ஒரு துளையை மட்டும் அகலப்படுத்திக்கொள்ளலாம். எபாக்சி என்ற இரு கூறுப் பசையால் ஒட்டினால் அது இடைவெளியை நிரப்பும். ஐந்து நிமிட எபாக்சியைச் சம அளவில் கலக்க வேண்டும். கண்மதிப்பில் ஒரு பக்கம் கூடினால் அது என்றைக்கும் ரப்பராகவே கிடக்கும்.

வண்ணம் தீட்டி முடித்த பாகங்களைச் சேர்க்கும்போது சூப்பர் குளூவைத் தவிருங்கள். அதன் ஆவி பக்கத்துப் பரப்பில் வெள்ளைப் பூஞ்சை போலப் படியும். கரும் நிறங்களில் இது பளிச்சென்று தெரியும்.

கேள்வி: பாகத்தின் நடுவே ஓடும் கோட்டையும் ஊசித் துளைகளையும் எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும்?

முழுதாக. அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் விழும் அந்தக் கோடு, பிரைமர் அடித்தபின் இரண்டு மடங்கு தெரியும். கத்தியின் முனையைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டி, 400, பிறகு 800 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேயுங்கள். உலர்ந்த நிலையில் தேய்த்தால் வரும் ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். நனைத்துத் தேய்ப்பதோடு, நுண்துகள் தடுக்கும் முகக்கவசமும் போடுங்கள். துணி முகமூடி போதாது.

ஊசித் துளைக்கு சூப்பர் குளூவில் டால்கம் பவுடர் குழைத்துக் குச்சியால் வைக்கலாம். அரை மணிக்குள் தேய்த்துவிட வேண்டும். நாள் கடந்தால் அது ரெசினைவிடக் கடினமாகிவிடும்; அப்போது தேய்த்தால் சுற்றியுள்ள ரெசின் தேயும், அடைப்பு மேடாக நிற்கும். பெரிய இடைவெளிக்கு இரு கூறு எபாக்சி புட்டி. நீர் தொட்ட கருவியால் வழித்தால் பிறகு தேய்க்க வேண்டிய வேலையே இருக்காது.

கேள்வி: எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுத் தீட்டுவதா, தீட்டிவிட்டு ஒட்டுவதா?

பிரஷ் போகாத இடத்துக்குக் கண் போகுமா என்று பாருங்கள். மார்புக்குக் குறுக்கே துப்பாக்கி பிடித்த வீரனில், துப்பாக்கிக்குப் பின்னால் இருக்கும் பொத்தான்களைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கலாம். பிரஷால் தொட முடியாது. அப்படியானால் துப்பாக்கியும் கையும் தனி. தலை, முதுகுப்பை, கேடயம், ஆயுதம் ஆகியவை பெரும்பாலும் தனியாகத்தான் இருக்க வேண்டும். அங்கியும் உடலும் ஒன்றோடொன்று மடிந்து சேரும் இடத்தில் மட்டும் முதலிலேயே ஒட்டி, இடைவெளியைப் புட்டியால் மூடுங்கள். தீட்டியபின் அங்கே புட்டி வைக்க வழியில்லை. எல்லாப் பாகங்களையும் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒட்டும் முகங்களில் வண்ணம் படாமல் களிமண் துணுக்கு வைத்து மறைக்கவும் மறக்காதீர்கள்.

கேள்வி: பிரைமர் சொரசொரப்பாக விழுகிறது. மேலும், கருப்பா சாம்பலா வெள்ளையா?

சொரசொரப்புக்குக் காரணம் தூரம். 30 செ.மீ.க்கு மேல் தள்ளிப் பிடித்தால், அல்லது காற்று சூடாக இருந்தால், துளிகள் வழியிலேயே காய்ந்து தூளாக விழும். 20 செ.மீ. தூரத்தில், உருவத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடித்து, மெல்லிய இரண்டு மூன்று பூச்சாக அடியுங்கள். நடுவில் கால்மணி இடைவெளி. கேனை இரண்டு நிமிடம் குலுக்குங்கள்; குளிர்காலமாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி எடுங்கள். வெந்நீர் கூடாது, கேன் வெடிக்கும்.

நிறம் என்று கேட்டால்: முதலில் முழுக்கக் கருப்பு. பிறகு 45 டிகிரிச் சாய்வில் சுற்றிலும் சாம்பல். கடைசியாக நேர் மேலிருந்து மட்டும் வெள்ளை, லேசாக. இப்போது உருவத்தின் மேல் வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே ஒளிகிறது என்று தானாகத் தெரிந்துவிடும். முன், பின், இரு பக்கம் என நான்கு படங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்ணம் ஏறி இந்தக் கருப்பு வெள்ளை மறைந்தபின், மடிப்பின் எந்தப் பக்கம் வெளிச்சம் என்ற சந்தேகம் கட்டாயம் வரும்; அப்போது அந்தப் படங்கள்தான் விடை சொல்லும்.

கேள்வி: முகம்தான் தகராறு. அக்ரிலிக்கில் தீட்டினால் கோடுகோடாகத் தெரிகிறது. ஆயில் பெயின்ட் நல்லது என்கிறார்கள். கண் எப்போதும் முறைத்துப் பார்க்கிறது.

மூன்று கேள்வி இது. பொறுமையாகவே சொல்கிறோம், ஏனென்றால் பார்ப்பவர் முதலில் பார்ப்பதும் கடைசியில் நினைவில் வைப்பதும் முகம்தான். உடையில் நேரும் சின்னப் பிழைகளை நல்ல முகம் மறைத்துவிடும். கெட்ட முகத்தை எந்த உடையாலும் மறைக்க முடியாது.

அக்ரிலிக் நிமிடங்களில் காய்வது. அதனால் இரண்டு நிறங்களைப் பரப்பின் மேலேயே குழைக்க முடியாது. மெல்லிய பூச்சுகளை அடுக்கித்தான் மாற்றத்தைக் காட்ட வேண்டும். அடித்தளத்துக்கு ஒரு பங்கு வண்ணம், ஒரு பங்கு நீர். அடுத்தடுத்த வெளிச்சங்களுக்கு ஒன்றுக்கு இரண்டு. கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் படலத்துக்கு ஒன்றுக்கு ஐந்து. பிரஷைத் தாளில் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் முகத்தில் வைக்க வேண்டும். கோடு தெரிகிறது என்றால் உங்கள் அடுக்குகளுக்கிடையே நிற வித்தியாசம் அதிகம் அல்லது நீர் குறைவு. பிரஷ் சின்னதாக இருந்தால் நுணுக்கம் வரும் என்று நினைத்து 5/0 வாங்காதீர்கள். அதன் மயிரில் தங்கும் துளி, முகத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். கூர்முனை நிற்கும் நல்ல சேபிள் (விலங்கு மயிர்) பிரஷ், 0 அல்லது 1, கண்வரைக்கும் போதும்.

ஆயிலில் குழைக்க மணிக்கணக்கில் நேரம் கிடைக்கும். முறை இது: முதலில் அக்ரிலிக்கில் நடுத்தரத் தோல்நிறம் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். டைட்டானியம் ஒயிட், மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், ஒரு சிவப்பு ஆகியவற்றைச் சாதாரண அட்டைமேல் மிளகளவு பிதுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். அட்டை ஆளிவிதை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சியது பளபளப்பில்லாமல் காயும். காவியும் சியன்னாவும் வெள்ளையும் கலந்த தோல்நிறத்தைப் பூசி, பெரும்பகுதியை உலர்ந்த பிரஷால் துடைத்தெடுங்கள். சாயல் மட்டும் நிற்க வேண்டும், தடிமன் கூடாது. அம்பரும் சியன்னாவும் கலந்த நிழலைக் கண்குழி, மூக்கடி, கன்னஎலும்பின் கீழ், கீழுதட்டின் கீழ், தாடையடி ஆகிய இடங்களில் வையுங்கள். வெளிச்சத்தை நெற்றிமேடு, மூக்குத்தண்டு, கன்னத்தின் உச்சி, முகவாய், மேல் இமை ஆகியவற்றில் வையுங்கள். எண்ணெய், தின்னர் எதுவும் படாத மிருதுவான உலர்ந்த பிரஷின் நுனியால், இரண்டும் சந்திக்கும் எல்லையில் மட்டும் குத்திக் குத்தி எடுங்கள். இழுத்தால் எல்லாம் கலந்து சேற்று நிறமாகும். ஒவ்வொரு பத்துக் குத்துக்கும் பிரஷைத் துணியில் துடைக்க வேண்டும்.

மூக்குநுனி, காது, கன்னம் ஆகியவற்றுக்குத் துளி சிவப்பு. உதட்டுக்குச் சிவப்பு போடாதீர்கள், தோல்நிறத்தில் கொஞ்சம் பழுப்பும் சிவப்பும் கூட்டினால் போதும். மேலுதடு கருமை, கீழுதடு வெளிச்சம். மழித்த தாடைக்கு நீலச்சாம்பல் சாயல், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். அடர்ந்த தோல்நிறத்துக்கு வெளிச்சமாக வெள்ளையைக் கூட்டினால் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். காவியும் ஆரஞ்சும் சேர்த்து ஏற்றுங்கள்.

காய்வதற்கு நிறத்தைப் பொறுத்து நாள் மாறும். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் ஒன்றிரண்டு நாளில் காயும். டைட்டானியம் ஒயிட் ஒரு வாரம் இழுக்கும். 40 டிகிரி அளவில் வெதுவெதுப்பு தரும் பெட்டியில் வைத்தால் சீக்கிரம் முடியும். அதற்குமேல் சூடு வேண்டாம், ரெசின் தளரும். அக்ரிலிக் மேல் ஆயில் வரலாம். ஆயிலின் மேல் அக்ரிலிக் வந்தால் பிடிக்காமல் வெடிக்கும்.

இனிக் கண். முறைப்பதற்கு இரண்டு காரணங்கள்: வெண்விழிக்குத் தூய வெள்ளை, கருவிழியைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெள்ளை தெரிவது. பயந்த மனிதனுக்குத்தான் கருவிழிக்கு மேலேயும் வெண்மை தெரியும். வெளிர்சாம்பலில் துளி தோல்நிறம் கலந்து வெண்விழியைத் தீட்டுங்கள். கருவிழி மேல் இமைக்குள் மூன்றில் ஒரு பங்கு மறைந்திருக்க வேண்டும். கீழிமையைத் தொட்டும் தொடாமலும் இருக்கலாம். கைக்கு வாகில்லாத கண்ணை முதலில் முடித்துவிட்டு, வாகான கண்ணை அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள்; தலைகீழாகச் செய்தால் மாறுகண்தான். வீரன் நேரே பார்க்காமல் சற்றுப் பக்கமாகப் பார்ப்பதுபோல் அமைத்தால் இரண்டும் பொருந்துவது இன்னும் சுலபம். மேல் இமைக்கோட்டுக்கு அம்பர், கருப்பு வேண்டாம். ஒளிப்புள்ளி வைப்பதாக இருந்தால் இரு கண்ணிலும் ஒரே பக்கம். 54 மி.மீ. உருவத்தில் ஒளிப்புள்ளியே வேண்டாம்.

கண்ணை எப்போது தீட்டுவது? முகத்துக்கு முன்பே, அடித்தளம் காய்ந்ததும். இமை தாண்டி வழிந்தால் தோல்நிறத்தால் திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: ரோமானியப் படைவீரனின் உள்ளாடை சிவப்பா வெள்ளையா? பெட்டிப் படத்தை நம்பலாமா?

பெட்டிப் படம் தீட்டியவரின் முடிவு, சான்று அல்ல. ரோமானிய உள்ளாடை விஷயத்தில் அறிஞர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. வெள்ளைக்கும் சிவப்புக்கும் ஆதாரம் காட்டுகிறார்கள். ஆகவே இரண்டும் தகும். வெள்ளை என்றால் சாயமேற்றாத கம்பளியின் மங்கல் வெள்ளை. சலவை வெள்ளை அல்ல. சிவப்பு என்றால் மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயம் தரும் செங்கல் சாயல். பட்டைத் தகடுகளால் ஆன அந்த மார்புக்கவசம் இரும்பு. அதன் கொக்கிகளும் கீல்களும் செம்புக் கலவை. முழுதும் வெள்ளியாகத் தீட்டினால் தவறு.

பொதுவாக நினைவில் வைக்க ஒரு வருடம்: 1856. வில்லியம் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயமான ஊதாவைக் கண்டது அப்போதுதான். அதற்கு முந்தைய வீரர்களின் துணியெல்லாம் செடி, பூச்சி, தாது தந்த சாயம். குழாயிலிருந்து பிதுக்கிய நிறத்தைத் துளி பழுப்பு கலந்து அடக்குங்கள். அதற்காக எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடாதீர்கள். பிரிட்டிஷ் படையில் சாதாரணச் சிப்பாயின் அங்கி மஞ்சிட்டி வேரின் மந்தமான சிவப்பு. அதிகாரியின் அங்கியோ கோச்சினியல் பூச்சியின் பளிச்சென்ற செஞ்சிவப்பு. ஒரே நிறத்தை இருவருக்கும் பூசினால் பதவி தெரியாமல் போகும். நெப்போலியனின் பழைய காவல்படைக் கிரெனடியருக்கு அடர்நீல அங்கி, வெள்ளை மார்புப்பட்டை, கரடித்தோல் தொப்பியில் சிவப்பு இறகு. அந்த நீலம் கருநீலத்துக்கு அருகில், வான்நீலம் அல்ல.

சாமுராய் தீட்டுகிறவர்களும் இதையே கேட்டிருந்தார்கள். கவசத் தகடுகள் அரக்கு பூசியவை. பெரும்பாலும் கருப்பு, பழுப்பு. இயி குலத்தார் முழுச் சிவப்பு. வெறும் உருக்காக வெள்ளி பூசுவதைவிட, அரக்கின் பளபளப்பைச் சாட்டின் (அரைப் பளபளப்பு) வார்னிஷால் காட்டுவதே சரி. தகடுகளைக் கோக்கும் பட்டுக்கயிறுகள் மட்டும் மேட்டாக, அதாவது பளபளப்பில்லாமல், இருக்கட்டும்.

கேள்வி: சிவப்புக்கு வெள்ளை கலந்து வெளிச்சம் ஏற்றினால் ரோஜா நிறமாகிறது.

ஆகத்தான் செய்யும். ஆரஞ்சு, அதற்குமேல் தோல்நிறம் சேர்த்து ஏற்றுங்கள். நிழலுக்குக் கருப்பு வேண்டாம். அடர்பச்சையோ கரும்பழுப்போ கலக்கலாம். வெள்ளை உடையைச் சாம்பலில் தொடங்குங்கள். தூய வெள்ளை மடிப்பின் நுனிக்கு மட்டும் மிச்சம் இருக்கட்டும். கருப்பும் அப்படித்தான்: கரும்பழுப்பிலோ கருநீலத்திலோ தொடங்கி, தூய கருப்பைப் பள்ளத்துக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: உலோகத்துக்கு உண்மையான உலோக வண்ணமா, சாதாரண நிறங்களால் மினுமினுப்பைப் போலியாகத் தீட்டுவதா? உலோக வண்ணம் எனக்கு வெறும் சாம்பலாகவே விழுகிறது.

போலி உலோகம் ஒரே கோணத்திலிருந்து பார்க்கும்போது அபாரமாக இருக்கும், புகைப்படத்துக்கு ஏற்றது. அலமாரியில் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் உருவத்தில் ஒளி நகராமல் உறைந்து நிற்பது தெரிந்துவிடும். நாங்கள் உண்மை உலோகத்தின் கட்சி.

சாம்பலாக விழக் காரணம் அடித்தளம். பளபளப்பான கருப்பை முதலில் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் உருக்கு நிறத்தை மெல்லியதாக இருமுறை பூசுங்கள். அடித்தளம் வழவழப்பாக இருந்தால்தான் உலோகத் துகள்கள் தட்டையாகப் படிந்து ஒளியைத் திருப்பும். பிறகு மேட்டான கருப்பு-பழுப்பு படலத்தை நிழலில் மட்டும் விடுங்கள். மேட் பூச்சுக்கும் மினுமினுப்புக்கும் உள்ள அந்த வித்தியாசமே ஆழம் தரும். விளிம்புகளில் வெள்ளி. உலோக வண்ணத்துக்குத் தனிப் பிரஷ், தனித் தண்ணீர். இல்லாவிட்டால் அடுத்த முகத்தில் வெள்ளித் துகள் மின்னும். கடைசி மேட் வார்னிஷ் உலோகத்தைக் கொன்றுவிடும். ஆகவே துணி, தோல், முகம் எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடித்துவிட்டு, உலோகத்தைக் கடைசியில் தீட்டுங்கள்.

கேள்வி: மேட் வார்னிஷ் அடித்ததும் முழு உருவமும் வெண்புகை படிந்ததுபோல் ஆகிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக ஒரு பூச்சு விடுங்கள். வெண்மை என்பது பரப்பில் நிற்கும் நுண்துகள்களும் நுண்பள்ளங்களும் ஒளியைச் சிதறடிப்பதுதான். பளபளப்பு அவற்றை நிரப்பியதும் நிறம் திரும்பும். ஒரு நாள் விட்டு, வேறு மேட் வார்னிஷைப் பிரஷாலோ ஏர்பிரஷாலோ மெல்லியதாக அடியுங்கள்.

ஏன் வந்தது? ஈரமான காற்றில் அடித்திருப்பீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுக்கும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். அல்லது குப்பியைக் குலுக்காமல் விட்டிருப்பீர்கள். மேட் தரும் பொடி அடியில் தங்கி, கடைசியில் மொத்தமாக வந்துவிடும். மூன்றாவது காரணம், தடிமனான பூச்சு. ஆயில் தீட்டிய உருவமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: முழுதாகக் காயாத ஆயிலின் மேல் ஸ்பிரே வார்னிஷ் போனால் சுருங்கி வெடிக்கும். குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். வெட்டிப்போட்ட வார்ப்புக் கட்டையை எறியாமல் வைத்திருந்தால் அதில் சோதித்துப் பார்க்கலாம். அதிலும் அதே பிரைமர், அதே வண்ணம் பூசியிருக்க வேண்டும்.

கேள்வி: பழைய வண்ணத்தை நகப்பூச்சு நீக்கியால் எடுக்கலாமா?

கூடாது. அதிலுள்ள அசிட்டோன் ரெசினைத் தளர்த்திப் பரப்பைக் குழப்பிவிடும். அக்ரிலிக்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கொஞ்ச நேரம் வைத்துப் பிரஷால் தேய்த்து எடுங்கள். 3டி அச்சுப் பாகமானால் நீண்ட நேரம் ஊறவிடக் கூடாது, வெடிப்பு விடும்.

கேள்வி: பீடம், தரை, கண்ணாடிப் பெட்டி, விளக்கு ஆகியவற்றில் கவனிக்க வேண்டியது என்ன?

பீடம் வீரனைவிடப் பேசக் கூடாது. 75 மி.மீ. உருவத்துக்கு மேற்பரப்பு 40 × 40 மி.மீ., உயரம் 50 மி.மீ. தாராளம். அகலமான பீடத்தில் வீரன் தொலைந்துபோவான். காலடிக் கம்பியைப் புட்டித் தரை வழியாக மரத்துக்குள் 8 மி.மீ. இறக்குங்கள். புட்டி ஈரமாக இருக்கும்போதே வீரனை நிறுத்தி லேசாக அழுத்தி எடுத்தால் பாதம் பதிந்த பள்ளம் கிடைக்கும். அது இல்லாவிட்டால் வீரன் தரைக்கு மேல் மிதப்பான். மணலைச் சலித்து நுண்மணலை மட்டும் எடுங்கள். 1/24 அளவில் 2 மி.மீ. கல் என்பது கிட்டத்தட்ட 5 செ.மீ. பாறைத்துண்டு. பூட்ஸில் படியும் புழுதிக்கும் தரைக்கும் ஒரே பிக்மென்ட் (நிறமி) தூளைப் பயன்படுத்துங்கள். தரை செம்மண்ணாகவும் பூட்ஸ் சேறு சாம்பலாகவும் இருக்கும் உருவங்களை நிறையப் பார்க்கிறோம்.

பெட்டிக்குள் வைப்பதற்குமுன் பசை, வார்னிஷ் வாடை முழுதும் போக ஓரிரு வாரம் வெளியே விடுங்கள். மூடிய பெட்டியில் அந்த ஆவி உள்பக்கக் கண்ணாடியிலும் உருவத்திலும் படியும். பழைய பெட்டிகளில் ரெசின் உடலோடு ஈயம் கலந்த வெள்ளை உலோக வாளோ பிடியோ வரும். அப்படியானால் ஓக் மரப் பெட்டி வேண்டாம். ஓக் விடும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைத் தூளாக்கும்.

நேர் வெயில் படும் ஜன்னலோரம் இரண்டு வகையில் கெடுதல்: சூட்டில் மெல்லிய பாகம் வளையும், நிறமும் வெளுக்கும். ஆயில் குழாயில் அலிசரின் கிரிம்சன் என்று மட்டும் போட்டிருந்தால் அது வெளிச்சத்தில் மங்கும் ரகம். நிலைத்த நிறமி கொண்ட மாற்று அதே சாயலில் கிடைக்கிறது. விளக்குக்கு, நிறத்தை உள்ளபடி காட்டும் சிஆர்ஐ 90-க்கு மேற்பட்ட எல்இடி, 4000 கெல்வின் அளவில். அதை முன்பக்கம் சற்று மேலே வையுங்கள். பிரைமரில் வெள்ளை விழுந்த திசையே விளக்கின் திசையாக இருக்கட்டும். கீழிருந்து விளக்குப் போட்டால் நீங்கள் தீட்டிய நிழலெல்லாம் தலைகீழாகி, முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிடும். அலமாரித் தட்டு, வீரனின் முகம் பார்ப்பவரின் கண்ணுக்குக் கொஞ்சம் கீழே வரும் உயரத்தில் இருந்தால் நல்லது.

கேள்வி: திறந்த அலமாரியில் வைத்த உருவத்தில் தூசி ஏறிவிட்டது. கழுவலாமா?

நீர் வேண்டாம், தரையில் போட்ட பிக்மென்ட் கரைந்து பூட்ஸ்வரை ஏறும். ஒப்பனைக்கு வைத்திருக்கும் மிருதுவான பெரிய பிரஷ் ஒன்றைப் புதிதாக வாங்கி, மேலிருந்து கீழாகத் தட்டி எடுங்கள். மடிப்புகளுக்குக் கேமரா லென்ஸ் ஊதும் ரப்பர் குமிழ் போதும். அழுத்தக் காற்றுக் கேன் வேண்டவே வேண்டாம்: சாய்த்துப் பிடித்தால் அது கக்கும் குளிர்திரவம் வார்னிஷில் வெள்ளைத் திட்டு போடும், ஈட்டிமுனையும் பறந்துவிடும்.